இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போனேன்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு,

தீ வைப்பு வழக்கில் ஒருவர்மேல் சந்தேகம் வந்தால் அவருடைய பின்னணியை எப்படி விசாரிப்பது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பழைய வழக்கு ஏதும் உண்டா, யாரோடு பகை, தீப்பிடித்த நேரத்தில் எங்கே இருந்தார், இப்படி ஒரு பட்டியல். அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. நல்ல பெயர் வாங்கின கதைகளைச் சொல்லச் சொல்லித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அவற்றைப் பிரிவுபசார விழாவிலேயே சொல்லி முடித்துவிட்டேன். இது மிச்சமிருப்பது.

சீருடையில் போய் ஒரு ஊரில் ஒரு ஆளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "நல்ல மனுசன்தான், நமக்கென்ன தெரியும்" என்பார்கள். டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். ஆனால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குடும்பத்தைப் பற்றி ஊரே வாய் திறந்து பேசுகிற சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் வந்து விசாரிப்பதுதான் அது. டீக்கடை, சலூன், ரேஷன் கடை, அந்தத் தெருவில் இரண்டு வீடு என்று போய்க் கேட்பார்கள். கேட்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. யார் குடிப்பார், யாருக்கு என்ன நோய், எந்தப் பங்காளியோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அரைமணி நேரத்தில் வந்துவிடும்.

இதை வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவள் நான்தான். யாரும் சொல்லித் தரவில்லை. உத்தமபாளையம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்து ஷெட் எரிந்தபோது, சந்தேகப்பட்ட ஆளின் தம்பிக்குப் பெண் வீட்டுக்காரியாகப் போய் விசாரித்தேன். ஒரே நாளில் விஷயம் வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு இன்னொரு வழக்கு, அதுவும் அப்படியே. ஸ்டேஷனில் எனக்குத் 'தரகர் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "மேடம், என் மச்சினனுக்கும் ஒண்ணு பாருங்க" என்று ரைட்டர் கேலி பேசுவார். எனக்கும் அதில் பெருமைதான், மறைப்பானேன்.

போடி பக்கம் ஒரு இலவம் பஞ்சு குடோன். காயை உடைத்து, மிஷினில் போட்டுக் கொட்டையைப் பிரித்து, பஞ்சை மெத்தைக்கு அனுப்புகிற இடம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அங்கே தீப்பிடித்தது. இலவம் பஞ்சில் தீ பிடித்துவிட்டால் அணைக்கிற பேச்சே கிடையாது. தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் கூரை விழுந்துவிட்டது. கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா தீக்காயத்தோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய மகன்கள் ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலாளி ஒருவர்மேல் கையைக் காட்டினார். மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர். வேலுச்சாமி என்று வைத்துக்கொள்வோம், நிஜப் பெயர் வேண்டாம். இரண்டு வாரம் முன்னால் முதலாளியோடு வாக்குவாதம் செய்துவிட்டு, வேலை வேண்டாம் என்று போனவர். பொட்டிப்புரத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊர்க்காரர். கல்யாண வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்று தெரிந்ததும் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்கு முழு விவரம் வேணும். வழக்கம்போலப் போயிட்டு வந்துருங்க."

அவர்களும் எங்கள் சாதிதான், பெண் எடுக்கலாம். அதனால் வேறு யாரையும் அனுப்புகிற யோசனையே அவருக்கு வரவில்லை. நான் மாப்பிள்ளையின் பெரியம்மா. என்னோடு வந்த ஏட்டு பெரியப்பா. மாப்பிள்ளைக்கு ஆண்டிபட்டி, வைகை அணைப் பக்கம் அரசு வேலை. பள்ளத்தாக்கின் மறுகோடி என்பதால் உடனே யாரும் போய் விசாரித்துவிட முடியாது. பஸ்ஸில் போகும்போதே இதையெல்லாம் பேசி முடித்தோம். சிரித்துக்கொண்டுதான் பேசினோம்.

டீக்கடைக்காரர் வேலுச்சாமியின் மகளைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, செவ்வாய்க்கிழமை வேலுச்சாமி விடியக்காலமே பஸ் ஏறிப் போனார், மறுநாள்தான் திரும்பினார் என்றும் சொன்னார். அதை மனதில் குறித்துக்கொண்டேன். அடுத்து அந்தத் தெரு முனையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் உட்கார்ந்தேன். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"உங்க குலசாமி எதுங்கக்கா?" என்றாள் முதலில். பங்காளி முறை வந்துவிடக் கூடாதே என்று எங்கள் பக்கம் முதல் கேள்வியே அதுதான். நான் என் வீட்டுக்காரரின் குலசாமி பெயரை உள்ளபடியே சொன்னேன். மற்றதெல்லாம் பொய், அது மட்டும் நிஜம்.

"பிள்ளை தங்கம்க்கா," என்றாள். "அவளச் சொல்ல ஒண்ணுமில்ல. அப்பனத்தான்…"

"அப்பனுக்கு என்ன?"

அவள் மொச்சையைக் கீழே வைத்தாள். "கோவம் வந்தா கண்ணு தெரியாது. பங்காளிச் சண்டையில வைக்கப் படப்புக்கே தீ வச்ச மனுசன். போலீசுக்கெல்லாம் போகல. ஊருக்குள்ளயே பேசி முடிச்சுட்டாக. நான் சொன்னேன்னு சொல்லிறாதீக."

எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். நான் தேடி வந்தது கேட்காமலே மடியில் வந்து விழுந்துவிட்டது. எந்தப் பங்காளி, எந்த வருஷம், யார் பேசி முடித்தது என்று ஒன்றையும் நான் கேட்கவில்லை. ஏட்டையும் கேட்கச் சொல்லவில்லை. அந்தப் பெண் யார், வேலுச்சாமிக்கு என்ன வேண்டும் என்பதையும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன். அது காரணம் ஆகாது, தெரியும். நடந்ததைச் சொல்கிறேன்.

பிறகு அவர் வீட்டுக்குப் போனோம். வேலுச்சாமி மெலிந்த மனிதர். எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடிப் போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்கக்கா, இங்கன உக்காருங்க, அங்கன வெயிலடிக்கும்."

மனைவியைக் கேட்டேன். அவளுடைய அப்பாவுக்கு மேலுக்குச் சரியில்லை, பார்க்கப் போயிருக்கிறாள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் மகள் முகத்தைப் பார்த்தார். நான் கவனித்தேன். கவனித்ததற்கு நானே ஒரு அர்த்தமும் கொடுத்துக்கொண்டேன்: வீட்டில் தகராறு, கோபக்காரனோடு இருக்க முடியாமல் போய்விட்டாள்.

கிளம்பும் முன் கண்ணியை வைத்தேன். "செவ்வாக்கிழமையே எங்காளு ஒருத்தர அனுப்பினோம் தம்பி. நீங்க வீட்ல இல்லைன்னு வந்து சொன்னாரு."

"வீட்லதானக்கா இருந்தேன்," என்றார் சட்டென்று. "காட்டுப் பக்கம் போயிருந்திருப்பேன். வேறெங்கயும் போகல."

பொய். அது பொய் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். போதும் என்று எழுந்தேன்.

மகள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். பி.காம். முடித்துவிட்டு தேவாரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குக் கேட்காத குரலில், "அத்தை, அவுகளுக்கு நான் வேலைக்குப் போறது சம்மதமா?" என்றாள்.

அவுக. இல்லாத ஒருவனுக்கு அவள் மரியாதை கொடுத்துவிட்டாள்.

"அதெல்லாம் அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்டா," என்றேன் நான். "சாதுப் பையன். உன்னை மாதிரிதான், ரொம்பப் பேசமாட்டான்." வாய் பாட்டுக்கு வந்தது. அவள் சிரித்தாள். திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏட்டு வழக்கம்போல எதுவோ கேலி சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறிக்கையில் நான் எழுதியதைச் சொல்கிறேன். ஏற்கெனவே தீ வைத்த பழக்கம் உள்ளவர். முன்கோபி. மனைவி பிரிந்திருக்கிறாள். சம்பவ நாளில் ஊரில் இல்லை, இருந்ததாகப் பொய் சொல்கிறார். படிக்கிற எவருக்கும் சந்தேகமே வராது. இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "இதுக்குத்தான் உங்களை அனுப்புறது" என்றார்.

மறுநாள் காலையில் வேலுச்சாமியைக் கூட்டி வந்தார்கள். விசாரணை என்ற பெயரில் இரண்டு நாள் வைத்திருந்தோம். அது தப்பு என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எங்களுக்கும் சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் அவர் கண்ணில் படாமல் பின்னறையில் இருந்துகொண்டேன். ஏட்டு வேறு ஸ்டேஷனுக்குப் பந்தோபஸ்து கேட்டுப் போய்விட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது எனக்குக் கேட்கும். எத்தனை தடவை கேட்டாலும், "வீட்லதான்யா இருந்தேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அடித்தார்களா என்று கேட்பீர்கள். அடித்தார்கள். இரண்டாம் நாள் காலையில் அவர் இன்ஸ்பெக்டரிடம், "ஐயா, இது வெளியூருக்கெல்லாம் தெரியுமா? பேப்பர்ல போடுவாகளா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. குற்றவாளிகள் கேட்கிற கேள்விதான் என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் ஒரு பெண் வேலுச்சாமியைப் பார்க்க வேண்டும் என்று அழுதுகொண்டு வந்தாள். வாசலில் பெண் போலீஸ் யாரும் இல்லாததால் ரைட்டர் என்னைக் கூப்பிட்டார். போனேன். தெரு முனையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சீருடையைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரவுகதான?"

எழுந்திருக்கச் சொல்லிக் கையை நீட்டினேன்.

"அவுக எங்கண்ணன்," என்றாள். "கூடப் பொறந்த அண்ணன். அந்தப் பிள்ளைய எம்மகனுக்குக் கேட்கணும்னு ஆறேழு வருசமா மனசுல வச்சிருக்கேன். மொறைப் பொண்ணு, வெளிய போயிரக் கூடாதுன்னு நெனச்சேன். நீங்க வந்து கேட்டதும் வயிறெரிஞ்சு போச்சு. சம்மந்தம் கலையட்டும்னுதான் அப்படிச் சொன்னேன். படப்புமில்ல, தீயுமில்ல. எங்கண்ணன் ஒரு கோழியக்கூட வெரட்ட மாட்டாக."

நானும் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பின்ன செவ்வாக்கிழமை எங்க போனாரு?"

அவள் குனிந்துகொண்டே சொன்னாள். "மதினிக்கு மனசு சரியில்ல. நாலு மாசமா மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல ஒரு ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்குறாக. மாசம் ஒருக்கா அண்ணன் போகணும். குமுளி வழியா போயிட்டு மறுநாத்தான் திரும்புவாக. ஊருக்குள்ள யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா பிள்ளைய எவன் கட்டுவான்? அதையும் உங்ககிட்டச் சொல்லிக் கலைச்சிருக்கலாம். நாளைக்கு எம்மகன் கட்டப் போற பிள்ளையாச்சே, அந்தப் பேரு எங்களுக்கும் வந்துருமேன்னு இதைச் சொன்னேன்."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். எங்களில் மலையாளம் தெரிந்த ஒருவர் பேசினார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் அங்கே டாக்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். குடோனில் வேலை பார்த்தவர்களை முதலாளி இல்லாத இடத்தில் வைத்து இன்ஸ்பெக்டர் அப்போதுதான் விசாரித்தார். வாக்குவாதம் எதற்கு என்று கேட்டதற்கு, "மிஷின்ல பேரிங் சூடாகுது, நிறுத்திட்டு மாத்துங்கன்னு சொன்னாரு. மொதலாளி கண்டபடி வைஞ்சாரு. போயிட்டாரு" என்றார்கள். பின்னால் வந்த தடயவியல் அறிக்கையும் தீ மிஷினிலிருந்துதான் கிளம்பியது என்றது. ஒரு வாரம் பொறுத்திருந்தால் போதும். எங்களால் இரண்டு நாள் பொறுக்க முடியவில்லை.

பழைய பதிவேடுகளையும் அன்றே எடுத்துப் பார்த்தேன். தீயணைப்பு நிலையத்திலும் கேட்டேன். அந்த ஊரில் வைக்கோல் படப்பு எரிந்ததாக எங்கேயும் ஒரு வரி இல்லை. போவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டிய வேலை.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான். நீங்கள் யாராகப் போய் நிற்கிறீர்களோ, அவர்களுக்கான பதில்தான் உங்களுக்குக் கிடைக்கும். தங்கை பொய் சொன்னது மாப்பிள்ளை வீட்டுக்கு. அண்ணன் பொய் சொன்னதும் மாப்பிள்ளை வீட்டுக்கு. நான் இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்து போலீஸுக்குச் சொன்ன பொய் என்று எழுதினேன். நான் அங்கே போகாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு பொய்யும் உலகத்தில் இருந்திருக்காது. சட்டப் புத்தகத்தில் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. சாட்சியை நானே உண்டாக்கியிருக்கிறேன்.

சாயங்காலம் அவரை விடச் சொன்னார்கள். கையெழுத்து வாங்க வேண்டும். யார் வாங்குவது என்று ரைட்டர் தயங்கினார். நானே வாங்குகிறேன் என்றேன். அதற்காக என்னைத் தைரியசாலி என்று நினைக்க வேண்டாம். ஒளிந்துகொள்ள இனி முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் நொண்டிக்கொண்டே வந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்ததும் நின்றார். திட்டுவார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். துப்பியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் கோபமே வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"அக்கா, நீங்க போலீசுல இருக்கீகன்னு சொல்லவே இல்லையே."

எனக்கு முதலில் புரியவில்லை.

"பொண்டாட்டி விசயத்த மறைச்சது தப்புதான்க்கா. அடி வாங்குறப்பகூட அதான் சொல்லல. கேஸு பொய்யின்னா நாளைக்குப் போயிரும். நோயின்னு பேராயிட்டா அப்படிப் போகாதே, மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா வேண்டாம்னுருவாரேன்னு பயந்துட்டேன். இப்ப உங்களுக்கே எல்லாம் தெரிஞ்சு போச்சு." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மகமேல ஒரு குத்தமும் இல்லக்கா. அவளுக்கு அந்த நோயெல்லாம் இல்ல. மாப்பிள்ளைகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

சீருடையில் என்னைப் பார்த்த பிறகும் அவருக்கு நான் மாப்பிள்ளையின் பெரியம்மாதான். பெரியம்மா போலீஸில் வேலை பார்க்கிறாள், அவ்வளவே. ஒரு வீட்டுக்குள் வந்து, குலசாமி பேர் சொல்லி, காபி குடித்து, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போகிறவள் பொய்யாக வந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"தம்பி," என்றேன். "அப்படி ஒரு மாப்பிள்ளையே கிடையாது."

"வேற இடம் பாத்துட்டாகளா?"

"இல்ல தம்பி. எனக்கு அப்படி ஒரு பையனே இல்ல. உங்களைப் பத்தி விசாரிக்கத்தான் அப்படி வந்தோம்."

அவருக்குப் புரிய நேரம் எடுத்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். புரிந்ததும் தாளை இழுத்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"நீங்க வந்துட்டுப் போன ராத்திரி பூரா அவ தூங்கவே இல்ல," என்றார். "பூ வைக்க எப்ப வருவாகன்னு கேட்டுக்கிட்டு இருந்தா. ஆரும் வரவே இல்லன்னு அவகிட்ட எப்படிச் சொல்ல? ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிக்கிறேன். எங்கயாச்சும் உங்களைப் பாத்துக் கேட்டா, நீங்களும் அப்படியே சொல்லிருங்கக்கா."

சரி என்றேன். அன்று அந்த ஸ்டேஷனில் கடைசியாக ஒரு பொய்க்கு நான் ஒத்துக்கொண்டது அவருக்காக.

அதன் பிறகு பணியில் இருந்த வரை சீருடை இல்லாமல் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. பதில் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே எழுதினேன். வேகம் போய்விட்டது மேடத்துக்கு என்று பேசிக்கொண்டார்கள், பேசட்டும். அண்ணனும் தங்கையும் ஒரே தெருவில் இருந்துகொண்டு முகம் பார்ப்பதில்லை என்று அந்த டீக்கடைக்காரர் மூலம் தெரிந்தது. அதற்கு மேல் அவர் சொல்ல வந்ததை நான் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதா, ஆகவில்லையா, எனக்குத் தெரியாது. ஊர் ஊராக விசாரித்தே சம்பளம் வாங்கினவள் நான். அதை மட்டும் இன்றுவரை யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை.